குரூப் ஆரம்பிச்சாச்சு, அப்புறம்?

உங்கள் செல்போனை எடுங்கள். வாட்ஸப்பைத் திறந்து எத்தனை குரூப்பில் இருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். குடும்பம், ஆபீஸ், பள்ளிக்கூட நண்பர்கள், அபார்ட்மெண்ட் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். மீதியில் 'மீட்போம்', 'காப்போம்', 'உரிமைக் குரல்' என்று பெயர் வைத்த குரூப் ஒன்றிரண்டு இருக்கும். ஏரியை மீட்கிற குரூப். எக்ஸ்பிரஸ் ரயில் நம் ஊரில் நிற்க வேண்டும் என்று கேட்கிற குரூப். அதில் கடைசியாக வந்த பத்து மெசேஜைப் படியுங்கள். மூன்று குட் மார்னிங், ஒரு பிறந்தநாள் கேக், நான்கு ஃபார்வேர்டு, ஒரு கண்ணீர் அஞ்சலி, கடைசியாகக் கும்பிடும் கைகள்.

ஏரி? அது ஆக்கிரமித்தவர்களிடம் பத்திரமாக இருக்கிறது.

கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் குரூப்பை ஆரம்பித்தவர் நல்ல மனதோடுதான் ஆரம்பித்திருப்பார். பிரச்னை அவர் மனதில் இல்லை. "எல்லார் கையிலயும் போன் இருக்கு சார், இனிமே எந்த அநியாயத்தையும் மூடி மறைக்க முடியாது" என்று நம்புகிறோம் பாருங்கள், அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

செல்போன் ஒரு கருவி. மண்வெட்டி மாதிரி. மண்வெட்டி வாங்கிவிட்டதால் கிணறு வெட்டியாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? எங்கே வெட்டுவது, யார் இறங்குவது, மண்ணை எங்கே கொட்டுவது, பாறை வந்தால் என்ன செய்வது என்று முடிவு செய்த பிறகுதான் மண்வெட்டிக்கு வேலை. நாம் மட்டும் எதையும் முடிவு செய்யாமல் குரூப்பை ஆரம்பித்து, அதற்கு ஒரு லோகோவும் போட்டுவிடுகிறோம்.

ஓர் ஊரை வைத்துப் பேசினால் நான் சொல்வது புரியும்.

* * *

விருத்தாசலம் பல பேருக்கு ரயில்வே ஜங்ஷன். பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயில். அரசியல் பேசுகிறவர்களுக்கு 2006ல் விஜயகாந்த் ஜெயித்த தொகுதி. ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. உங்கள் வீட்டுப் பழைய மெயின் போர்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை, கார்த்திகைக்கு வாங்கிய பீங்கான் அகல், கொலுப்படியில் சிரிக்கிற பொம்மை இவையெல்லாம் அங்கே செய்ததாக இருக்கலாம். செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைச் சொல்லித்தர ஓர் அரசுக் கல்வி நிலையமும் உள்ள ஊர் அது. நெய்வேலி பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில்.

பீங்கான் என்றால் வெறும் களிமண் இல்லை. குவார்ட்ஸ் கல்லையும் ஃபெல்ட்ஸ்பார் கல்லையும் மாவாக அரைத்துக் கலக்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பொருளின் பிசிறைச் சுரண்ட வேண்டும். இரண்டு வேலையிலும் தூசி பறக்கும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டால் திரும்பி வராது. பத்து, பதினைந்து வருஷம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பிக்கும். சிலிகோசிஸ் என்று பெயர். குணமாக்க மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும். எக்ஸ்ரேயைப் பார்த்து டி.பி. என்றே எழுதிவிடுவதும் உண்டு. விருத்தாசலத்துக்கு மட்டுமே உரிய ஆபத்து இல்லை இது. கல் குவாரி, கிரஷர், பீங்கான், கண்ணாடி என்று சிலிக்கா தூள் பறக்கிற எல்லா ஊருக்கும் பொதுவானது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் இருந்தது. 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த மாதிரி நோய் வந்த தொழிலாளி பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தால், அத்தனை பேரும் பங்கு போட்டு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. இப்போது அந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. ஆனால் சட்டத்தின் பெயர் மாறினாலும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி மாறாது: "எங்கே, எத்தனை வருஷம் வேலை பார்த்தே? என்ன அத்தாட்சி?"

இந்த இடத்தில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்து. பீங்கான் பட்டறையில் பிசிறு சுரண்டும் வேலை. பீஸ் ரேட். இருபது வருஷத்தில் ஆறு பட்டறை மாறியிருக்கிறார். சம்பளச் சீட்டு கிடையாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்ததா என்று தெரியாது. இரண்டு பட்டறையை மூடியே விட்டார்கள். இப்போது மூச்சு வாங்குகிறது. அவர் கையில் ஒரு போன் இருக்கிறது. 'நூறு கோடி இந்தியர் கையில் செல்போன்' என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது அவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோம்.

அந்த போன் அவருக்கு எதற்குப் பயன்படும்? நம்முடைய 'உரிமைக் குரல்' குரூப்பால் அவருக்கு நயா பைசா பிரயோஜனம் உண்டா?

உண்டு என்று சொல்ல வேண்டுமானால், குரூப்பை ஆரம்பிப்பதற்கு முன்னால் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

* * *

முதல் கேள்வி: யாருடைய போன்?

நாம் திட்டம் போடும்போது நம் கையில் இருக்கும் போனை மனதில் வைத்துத்தான் போடுகிறோம். ஆப், லிங்க், கூகுள் ஃபார்ம், க்யூ.ஆர். கோடு. அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போனாக இருக்கலாம். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன் இருந்தால் அது பையனிடம் இருக்கும். பையன் வேலைக்குத் திருப்பூர் போயிருப்பான். நீங்கள் அனுப்பிய பி.டி.எஃப். திருப்பூரில் திறக்கப்படாமல் கிடக்கும்.

சத்தீஸ்கரில் 2010ல் 'சி.ஜி.நெட் ஸ்வரா' என்று ஓர் ஏற்பாட்டை ஆரம்பித்தார்கள். பி.பி.சி.யில் பத்திரிகையாளராக இருந்த சுப்ரான்ஷு சௌத்ரியின் முயற்சி. ஆப் கிடையாது, எழுதப் படிக்கவும் தெரிய வேண்டாம். சாதாரண போனிலிருந்து ஒரு நம்பரைக் கூப்பிட்டால் போதும். கோண்டி மொழியிலேயே கூட உங்கள் குறையைப் பேசிப் பதிவு செய்யலாம். கூலி வரவில்லை, கைப்பம்பு ரிப்பேர், வாத்தியார் வருவதில்லை. சொன்னதைச் சிலர் கேட்டுச் சரிபார்த்த பிறகு, மற்றவர்களும் அதே நம்பரில் அதைக் கேட்கலாம். பல பதிவுகளின் கடைசியில் சம்பந்தப்பட்ட அதிகாரியின் போன் நம்பரும் இருக்கும். கேட்டவர்கள் அந்த அதிகாரியைக் கூப்பிட்டு, "என்ன சார் ஆச்சு?" என்பார்கள். எங்கோ நகரத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஆள் கேட்கும்போது அதிகாரிக்கு உறைக்கும்.

அதன் பலம் தொழில்நுட்பத்தில் இல்லை. இருப்பதிலேயே மட்டமான போன் வைத்திருப்பவரை முதல் ஆளாக வைத்துத் திட்டம் போட்டார்கள். அந்த யோசனையில்தான் பலம்.

இரண்டாவது கேள்வி: மறுமுனையில் யார்?

2004 டிசம்பர் 26. புதுச்சேரிப் பகுதியில், கடலூருக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சுனாமி செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் அடித்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் தப்பித்தது. 'ஒரு போன் கால் காப்பாற்றிய கிராமம்' என்று எழுதினார்கள்.

பாதிதான் உண்மை. அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய அறிவு மையம் இருந்தது. கடல் நிலவரத்தைத் தினமும் அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். போன் வந்ததும் அந்த மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 'இந்தக் குரல் சொன்னால் நம்பலாம்' என்று ஜனங்கள் ஏற்கெனவே பழகியிருந்ததால் ஓடினார்கள். ஒலிபெருக்கி இல்லாமல் போன் மட்டும் இருந்திருந்தால் ஒரு குடும்பமோ ஒரு தெருவோதான் தப்பித்திருக்கும்.

ஆகவே உங்கள் இயக்கத்தின் நம்பரை நோட்டீஸில் அச்சடிப்பதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். யார் எடுப்பார்கள்? பட்டறை வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பார்களா? எடுத்துவிட்டு என்ன செய்வார்கள்? எடுக்காத நம்பரைக் கொடுப்பதைவிட நம்பரே கொடுக்காமல் இருப்பது நாணயம். துணிந்து ஒரு தடவை கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடமாட்டார்.

மூன்றாவது கேள்வி: எதைப் பதிவு செய்வது?

நமக்கு வீடியோ மோகம். மூச்சு வாங்குகிற தொழிலாளியை க்ளோசப்பில் எடுத்து, சோகமான பின்னணி இசை போட்டு ஏற்றினால் லைக் குவியும். அதிகாரி அந்த வீடியோவை வைத்து ஒரு ரூபாய் கொடுக்கமாட்டார். அவருக்கு வேண்டியது அலுப்பான விஷயங்கள். எந்தப் பட்டறை, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, கூட வேலை பார்த்தவர்கள் யார், எக்ஸ்ரே எடுத்த தேதி, டாக்டர் சீட்டு.

இந்த அலுப்பான வேலைக்குத்தான் செல்போன் அற்புதமான கருவி. கூலி கொடுத்த அன்று அந்தத் துண்டுச் சீட்டை ஒரு போட்டோ. ஆஸ்பத்திரிச் சீட்டை ஒரு போட்டோ. கூட வேலை பார்த்தவர் சாட்சி சொல்வதை ஐந்து நிமிஷம் குரல் பதிவு. மாதம் ஒரு தடவை செய்தால் போதும், பத்து வருஷத்தில் யாரும் அசைக்க முடியாத அத்தாட்சி சேரும்.

ஆனால் இதற்கும் முறை தெரிய வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவில், அது எப்போது எடுக்கப்பட்டது என்ற உள்விவரம் அழிந்துவிடும். எடுத்த போனிலேயே மூலப் படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும், இன்னோர் இடத்திலும் பிரதி வைக்க வேண்டும். போன் தொலையும், உடையும், அடகுக்குப் போகும். கோர்ட்டுக்குப் போனால் இந்தப் பதிவுகளோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு; 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு. இதை அந்த அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியது யார்? குரூப்பில் கும்பிடும் கை போடுகிற வக்கீல் நண்பர்தான்.

ராஜஸ்தான் அரசு 2019ல் சிலிகோசிஸுக்கென்று தனிக் கொள்கை கொண்டு வந்தது. ட்ரெண்டிங் ஆனதால் வந்ததில்லை. கல் சுரங்கத் தொழிலாளிகளோடு வேலை செய்த அமைப்புகள் வருஷக் கணக்கில் ஆள் ஆளாகப் பார்த்து, பெயர் எழுதி, மருத்துவச் சான்று வாங்கி, மனித உரிமை ஆணையம், கோர்ட் என்று படியேறியதால் வந்தது.

நான்காவது கேள்வி: காசு?

"போன்ல பேசறதுக்கு என்ன சார் செலவு?" என்று கேட்பவர் மாசாமாசம் ரீசார்ஜ் செய்யும் வலி தெரியாதவர். ஒரு காலத்தில் இன்கமிங் இலவசம், மிஸ்டு கால் ஏழையின் தந்தி. 2018ன் கடைசியில் கம்பெனிகள் குறைந்தபட்ச ரீசார்ஜ் போடாவிட்டால் இன்கமிங்கும் கிடையாது என்றன. இன்றைக்கு 28 நாளுக்கு இருநூறு ரூபாயை ஒட்டி ஆகிறது. 28 நாள் கணக்கு என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று ரீசார்ஜ். இருபது தெருவுக்கு இருபது தொடர்பாளர் வைத்தால் மாதம் நாலாயிரம் ரூபாய். பேனருக்கும் மைக் செட்டுக்கும் வசூல் செய்கிற நாம், இதற்கு ஒரு வரி பட்ஜெட் எழுதியிருக்கிறோமா? எழுதாவிட்டால் அந்தச் செலவு நம்மில் ஏழை யாரோ அவர் தலையில் சத்தமில்லாமல் விழும்.

ஐந்தாவது கேள்வி: நெட் போனால்?

2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடு. பதின்மூன்று பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். தகவல் மிக அவசியமாகத் தேவைப்பட்ட நேரத்தில்தான் குழாயை மூடினார்கள். அதற்கு முன்னால் 2012 ஆகஸ்டில் வதந்தியைக் காரணம் காட்டி, நாடு முழுக்க மொத்த எஸ்.எம்.எஸ்.ஸைத் தடுத்து, ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து எஸ்.எம்.எஸ்.தான் அனுப்பலாம் என்று சில நாள் கட்டுப்பாடு போட்டார்கள். அரசாங்கம் மூடாவிட்டால் இயற்கை மூடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது கரண்ட் கம்பத்தோடு செல்போன் டவரும் செயலிழந்தது.

எனவே அத்தனை நம்பரும் ஒரு காகித நோட்டில் இருக்க வேண்டும். தெருவுக்கு ஒருவர், நேரில் போய்ச் சொல்ல. எல்லோருக்கும் தெரிந்த ஒரு கூடும் இடம். நம் தாத்தாக்கள் நடத்திய தொழிற்சங்கங்கள் இப்படித்தான் நடந்தன. நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது கேள்வி: மாட்டிக்கொள்ளப் போவது யார்?

குரூப்பில் இருநூறு பேர். அதில் ஒருவர் முதலாளியின் மச்சானாக இருப்பார். பேசியது அத்தனையும் ஸ்க்ரீன்ஷாட்டாகப் பட்டறைக்குப் போகும். மறுநாள் அந்த அம்மாவுக்கு, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்." நீங்கள் சென்னையில் உட்கார்ந்து கோபமான மெசேஜ் போடலாம். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு அடுப்பு அணையும். பெயர், முகம், நோய் விவரம் இவற்றை அவர் சம்மதம் இல்லாமல் எந்தக் குரூப்பிலும் போடக் கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும். பெரிய குரூப் அறிவிப்புக்கு மட்டும். பேச்சு நேரில், அல்லது ஐந்தாறு பேருக்குள்.

சரிபார்க்காமல் எதையும் அனுப்பக் கூடாது என்பது இரண்டாவது விதி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோயிலுக்குப் போன குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி அடித்தார்கள். ஒரு மூதாட்டி செத்துப் போனார். அப்போது சுற்றிக்கொண்டிருந்த வதந்திகளை ஃபார்வேர்டு செய்தவர்களும், ஜனங்களை எச்சரிக்கும் நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

* * *

"இதெல்லாம் சரி, மெரீனாவுல என்ன திட்டம் இருந்தது? 2017ல லட்சக்கணக்குல ஜனங்க தானா திரளலையா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி.

திரண்டார்கள். செல்போன்தான் திரட்டியது. ஆனால் ஜனவரி 23ஆம் தேதி காலையில் போலீஸ் விரட்டியபோது ஓடியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது எந்த ஆப்? நடுக்குப்பம் மீனவர்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, எரிந்து போன அவர்களுடைய மீன் மார்க்கெட். சட்டம் வந்தது, ஜல்லிக்கட்டு நடந்தது, மகிழ்ச்சி. மெரீனாவில் டார்ச் அடித்த அத்தனை செல்போன்களில் எத்தனை, அடுத்த மாதம் நடுக்குப்பத்துக்காக ஒலித்தன? கூட்டம் சேர்ப்பது வேறு, கூட நிற்பது வேறு. முதலாவதை போன் செய்துவிடும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும்.

உலகம் கொண்டாடுகிற பிலிப்பைன்ஸ் கதையும் இதுதான். 2001 ஜனவரியில் எஸ்.எம்.எஸ். அனுப்பியே அதிபர் எஸ்ட்ராடாவை இறக்கினார்கள் என்பார்கள். பல மாதமாகவே சர்ச்சும் தொழிற்சங்கங்களும் எதிர்க்கட்சிகளும் தெருவில் இருந்தார்கள் என்பதைச் சொல்லமாட்டார்கள். மெசேஜ் வந்தபோது போய்ச் சேர ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது.

நாம் திட்டமில்லாமல் இருக்கும்போது அரசாங்கம் திட்டத்தோடு இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் செல்போன் ஆப்பில் போட்டோ எடுத்துத்தான் வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காமல், போட்டோ ஏறாமல் உழைத்த கூலியை இழந்தவர்கள் உண்டு. அதே போன், அதே கேமரா. ஒரு பக்கம் அதைத் தொழிலாளியைக் கண்காணிக்க உபயோகிக்கிறது. இன்னொரு பக்கம் நாம் குட் மார்னிங் அனுப்ப உபயோகிக்கிறோம்.

விருத்தாசலத்திலோ, உங்கள் ஊரில் அதே மாதிரி தூசி பறக்கும் இடத்திலோ இருக்கும் வாசகர்களுக்குச் சொல்கிறேன். பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், வக்கீல் ஒருவர், நெஞ்சு நோய் தெரிந்த டாக்டர் ஒருவர், பட்டறையில் வேலை பார்க்கிற பெண்கள் இரண்டு பேர். ஐந்து பேர் போதும். ஒரு நம்பர், அதை எடுக்க முறை வைத்து ஆள். ஒரு நோட்டுப் புத்தகம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டையும் எக்ஸ்ரேயையும் போட்டோ எடுத்து, தேதியோடு எழுதி வைக்கிற வேலை. 1100க்குப் புகார் சொன்னால் புகார் எண்ணை அதே நோட்டில் எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். முப்பத்தோராவது நாள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று போனில் அலாரம் வையுங்கள்.

ஆறு மாதம் இதைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் குரூப் தேவைப்பட்டால் ஆரம்பியுங்கள். லோகோ நானே போட்டுத் தருகிறேன்.